எங்கள் வீட்டு ரெண்டாங் கார்த்திகை

எங்கள் தெருவில் கார்த்திகை இரண்டு முறை வரும். முதலாவது ஊருக்கெல்லாம் வருவது. இரண்டாவது எங்கள் வீட்டுக்கு மட்டும், அதுவும் எட்டு நாளைக்கு. அதன் சொந்தப் பெயர் ஹனுக்கா, யூதர்களின் விளக்குப் பண்டிகை. எதிர்வீட்டுப் பாட்டிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "உங்க ரெண்டாங் கார்த்திகை எப்பம்மா?" என்று அவர் கேட்க ஆரம்பித்ததில், வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் எங்கள் வரிசை முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

என் மருமகள் யூதப் பெண். மும்பையை ஒட்டிய தானேயில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசுவது மராத்தி. காட்பாடியில் கல்லூரியில் படிக்கும்போது என் மகனோடு பழக்கம். கல்யாணப் பேச்சு வந்தபோது இரண்டு வீட்டிலும் நடந்ததையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது, இப்போது பேத்தி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

"யூதர்னா இஸ்ரேல்லேர்ந்து வந்தவங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. இல்லை. அவர்கள் பெனே இஸ்ரேல் என்ற கூட்டம். எத்தனையோ நூறு வருஷங்களுக்கு முன்னால் கொங்கணக் கடற்கரையில், அலிபாகுக்குப் பக்கத்தில் நவ்காவ் என்ற ஊரருகே ஒரு கப்பல் உடைந்து, அதில் பிழைத்த ஏழு ஆண்களும் ஏழு பெண்களும்தான் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அந்தக் கிராமங்களில் அவர்களுக்கு எண்ணெய் ஆட்டுவதுதான் தொழில். சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் அன்று மட்டும் செக்கில் மாடு கட்ட மாட்டார்கள். அதனால் ஊரார் அவர்களை 'சனிவார் தேலி' என்பார்களாம், சனிக்கிழமைச் செக்குக்காரர்கள் என்று.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய தாத்தாவுக்குக் குடியாத்தம் பக்கம் மரச்செக்கு இருந்தது. "சனிக்கிழமைதானம்மா எண்ணெய் விக்கிற நாளே! ஊரே தலைக்கு எண்ணெய் வெச்சிக்கிற அன்னிக்குச் செக்கை நிறுத்திட்டு எப்படிப் பொழைச்சாங்க?" என்று கேட்டார். "முந்தின நாளே ஆட்டி வெச்சிருப்பாங்க மாமா" என்றாள். அதுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அன்று முழுக்கக் கடலைப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு என்று அவளோடு பேசித் தீர்த்தார். நான் சமாதானம் செய்து சாதிக்காததைப் புண்ணாக்கு சாதித்தது.

தமிழ்நாட்டுக்கும் யூதர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களைச் சென்னை ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெருவுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். பதினேழாம் நூற்றாண்டில் பவழம் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன வியாபாரிகளில் யூதர்கள் முக்கியமானவர்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் உறுப்பினர்களிலேயே அவர்கள் இருந்தார்கள். சரி, அது வேறு கதை.

ஹனுக்காவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எருசலேம், சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க அரசர்களின் கையில் இருந்தது. நான்காம் அந்தியோகஸ் என்ற அரசன் யூதர்களின் வழிபாட்டைத் தடைசெய்து, அவர்கள் கோயிலிலேயே வேறு தெய்வத்துக்குப் பலி கொடுக்க வைத்தான். மோதீன் என்ற ஊரில் ஒரு குருவும் அவருடைய ஐந்து மகன்களும் எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களில் யூதா மக்கபே என்ற மகன் படை நடத்தி கி.மு. 164-இல் கோயிலை மீட்டான். விளக்கேற்றப் பார்த்தால், தலைமைக் குருவின் முத்திரை உடையாத எண்ணெய் ஒரே ஒரு குடுவைதான் கிடைத்தது. ஒரு நாளைக்குத்தான் காணும். அது எட்டு நாள் எரிந்தது. அதனால்தான் எட்டு நாள் விளக்கு, எண்ணெயில் பொரித்த பலகாரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெனே இஸ்ரேல்காரர்களுக்கே ஹனுக்கா பிறகு வந்து சேர்ந்த பண்டிகை. இந்தச் சண்டையெல்லாம் நடப்பதற்கு முன்பே அவர்கள் முன்னோர் கப்பலேறிவிட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓய்வு நாள் தெரியும், உணவு விதி தெரியும், ஹனுக்கா தெரியாது. பின்னால் கொச்சியிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்த யூதர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். "எங்க கொள்ளுப்பாட்டி காலத்திலேயும் யாரோ வந்து சொல்லிக்கொடுத்துத்தான் ஏத்தினாங்க அத்தை, நீங்க ஒண்ணும் லேட் இல்ல" என்பாள் மருமகள்.

நாள் கணக்கு எங்களுக்குச் சுலபமாகப் பிடிபட்டது. அவர்கள் மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கிறது. கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் ஹனுக்கா ஆரம்பம். அந்த மாதத்துப் பௌர்ணமிதான் பெரும்பாலும் நமக்குக் கார்த்திகைப் பௌர்ணமி. ஆக, தீபம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் அவர்களுடைய முதல் விளக்கு. 2024-இல் டிசம்பர் 13 கார்த்திகை தீபம், 25 மாலை ஹனுக்கா. நாம் முழுநிலவில் விளக்கேற்றுகிறோம், அவர்கள் நிலா தேய்ந்து அமாவாசையாகி மறுபடி பிறை தெரியும் வரைக்கும் ஏற்றுகிறார்கள். எனக்கென்னவோ அவர்கள் கணக்குத்தான் விவரமானதாகப் படுகிறது. இருட்டில்தானே விளக்குக்கு வேலை? இதைச் சொன்னதற்கு என் வீட்டுக்காரர், திருவண்ணாமலை தீபத்தைக் குறை சொல்கிறாய் என்று கோபித்துக்கொண்டார். அவருக்குத் திருவண்ணாமலை இன்னும் வடாற்காடு மாவட்டம்தான். 1989-இல் பிரித்ததை மனசளவில் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்பது கிளை வைத்த ஹனுக்கா விளக்கு மருமகளின் அண்ணன் வீட்டில், தானேயில் இருக்கிறது. இங்கே அகல்தான். எட்டு அகல் ஒரே மட்டத்தில் வரிசையாக இருக்கவேண்டும். ஒன்பதாவது மட்டும் உயரத்தில். அதன் பெயர் ஷமாஷ், மற்ற விளக்குகளை ஏற்றிவைக்கும் வேலைக்கார விளக்கு. அதை ஒரு செங்கல் மேல் வைத்தோம். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய் எட்டாம் நாள் எட்டு. அந்தக் காலத்தில் இதற்கும் ஒரு தகராறு நடந்திருக்கிறது. ஷம்மாய் என்ற பெரியவரின் கூட்டத்தார் எட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்கவேண்டும் என்றார்கள். ஹில்லெல் என்பவரின் கூட்டத்தார் ஒன்றில் தொடங்கி ஏற்றவேண்டும் என்றார்கள். ஹில்லெல் பக்கம்தான் ஜெயித்தது. ஏறுவரிசை, இறங்குவரிசை என்றதும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என் வீட்டுக்காரருக்குக் கைகால் பரபரத்தது. ஒன்றிலிருந்து எட்டு வரை கூட்டினால் 36, தினம் ஒரு ஷமாஷ் சேர்த்தால் 44 என்று பேத்தியின் சிலேட்டில் போட்டுக் காட்டினார்.

அந்த 44 எங்களுக்கு வெறும் கணக்காக நிற்கவில்லை. மண் அகல் ஒரு நாள் எரிந்தால் கரிபிடித்துப் பழசாகிவிடும், மறுநாளைக்குப் புதிது எடுக்கவேண்டும் என்று அவர்கள் சாஸ்திரத்தில் இருக்கிறது. பித்தளை, கண்ணாடி என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம். ஆக, நான் தீபம் முடிந்த பிறகு ஒரு கூடை அகல் வாங்கப் போனேன். மிஞ்சின அகலைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா, தீபம் முடிஞ்சி இத்தினி நாள் ஆச்சி, இப்ப வந்து இன்னாத்துக்கு?"

"எங்க மருமகளுக்குப் பண்டிகை இருக்குது."

"அவங்க ஊர்ல லேட்டா வருமா?"

"ஆமா, லேட்டா வரும்."

விலையைப் பாதியாக்கிக் கொடுத்தார். மேலே விளக்கம் சொல்லி அந்த விலையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

எண்ணெய்க்கு ஆலிவ்தான் விசேஷம் என்றாள். விலையைப் பார்த்துவிட்டு, வேறு எண்ணெய் ஆகாதா என்று கேட்டேன். நின்று, புகையாமல் எரிகிற எந்த எண்ணெயும் ஆகும். அப்புறம் என்ன, செக்கு நல்லெண்ணெய்.

எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. விளக்கு வெளியே தெரியவேண்டும் என்பதுதான் இந்தப் பண்டிகையின் உயிர். வாசலில், உள்ளே நுழையும்போது இடது கைப்பக்கம். வலது நிலையில் மெசூசா (வேத வசனம் எழுதிய தோல்சுருள் வைத்த சிறு கூடு) இருக்கும், இடது பக்கம் விளக்கு, நடுவில் நாம். எங்கள் நிலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்த இடத்துக்கு மேலே வலது பக்கம் மெசூசா இருக்கிறது. மாவிலைத் தோரணம் கட்டும்போது அதன்மேல் படாமல் கட்டிப் பழகிவிட்டேன். ஆனால் 2023 டிசம்பரில் மருமகள் விளக்கை உள்ளே, சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். ஆபத்தான காலத்தில் மேஜைமேல் வைத்தால் போதும் என்றும் அவர்கள் விதியில் இருக்கிறது. நம் தெருவில் உனக்கென்ன ஆபத்து என்று கேட்டேன். "ஆபத்து இல்ல அத்தை. சங்கடம்" என்றாள்.

காஸா செய்தி எல்லார் வீட்டு டிவியிலும் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த வீடு பாய் வீடு. பாய் வீட்டு அக்காவும் நானும் ஒரே சமயத்தில் இந்தத் தெருவுக்குக் குடிவந்தவர்கள். அவர் கண்ணீரோடு டிவி பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். மருமகளும் அதே செய்தியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனது உண்டு. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை.

2024-இல் கார்த்திகை முடிந்த கையோடு அக்காவே கேட்டார். "போன வருஷம் பாப்பா வெளக்கு வெக்கலியா? வாசல்ல காணோமே."

"வெச்சோம்கா. உள்ள வெச்சோம்."

அக்கா கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்புறம், "அங்க நடக்கறதுக்கு நான் அஞ்சு வேளையும் துஆ கேக்கறேன். அதுக்கும் உன் பேத்தி வெக்கிற வெளக்குக்கும் இன்னா இருக்குது? வாசல்லயே வைக்கச் சொல்லு" என்றார். நான் போய்ச் சொன்னேன். மருமகள் பதில் பேசவில்லை. கொஞ்சம் கழித்து மாடியிலிருந்து அந்தச் செங்கல்லை எடுத்துவந்து வாசலில் வைத்தாள். இதைப் பெரிய ஒற்றுமைக் கதையாக்க எனக்கு விருப்பமில்லை. அக்காவின் கருத்து அக்காவுக்கு, எங்கள் கருத்து எங்களுக்கு. விளக்கு வாசலுக்கு வந்தது, அவ்வளவுதான்.

முதல் விளக்கு அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்றே வந்தது. மார்கழி பத்தாம் நாள். விடிகாலையில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டே கோலம் போட்டு, சாணிப் பிள்ளையாரில் பரங்கிப்பூ செருகினேன். மத்தியானம் மூன்றாம் வீட்டு சிஸ்டரம்மா (ஓய்வுபெற்ற நர்ஸ், சி.எஸ்.ஐ.) வீட்டிலிருந்து கேக் வந்தது. மாலை ஆறே காலுக்கு அதே கோலத்தின் ஓரத்தில் ஹனுக்கா அகல். பேத்தி ஷமாஷை ஏற்றிக் கையில் பிடித்துக்கொள்ள, மருமகள் எபிரேயத்தில் வாழ்த்துச் சொன்னாள். முதல் நாள் மூன்று வாழ்த்து, மற்ற நாளில் இரண்டு. விளக்கை வலமிருந்து இடமாக வைத்துக்கொண்டே போகவேண்டும். ஏற்றும்போது புதிதாகச் சேர்ந்ததிலிருந்து, அதாவது இடமிருந்து ஏற்றவேண்டும். எனக்கு இது ஒவ்வொரு வருஷமும் குழம்பும். பாய் வீட்டு அக்காவுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. உருது எழுதுகிற கை.

அடுத்து வருவதுதான் எனக்கு இந்தப் பண்டிகையிலேயே பிடித்தது. ஏற்றிய விளக்கு இருட்டிய பிறகு குறைந்தது அரைமணி நேரம் எரியவேண்டும். அந்த வெளிச்சத்தில் எந்தக் காரியமும் செய்யக்கூடாது. படிக்கக்கூடாது, காசு எண்ணக்கூடாது, அரிசி பொறுக்கக்கூடாது. பார்க்கலாம், அவ்வளவுதான். அதோடு, விளக்கு எரிகிற அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் வேலை செய்வதில்லை என்பது வழக்கம்.

தபால் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். மாலை ஆறரை என்பது எனக்கு என்றைக்குமே சும்மா இருக்கும் நேரமாக இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து, புடவை மாற்றி, பால் காய்ச்சி, மாவு எடுத்து வெளியே வைத்து, காய்ந்த துணி எடுத்து மடித்து, ராத்திரிக்கு என்ன என்று யோசிக்கிற நேரம். முதல் தடவை விளக்கு முன்னால் உட்கார்ந்தபோது என் கை தானாகவே பக்கத்தில் கிடந்த பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தது. "அத்தை, கை" என்றாள் மருமகள், குழந்தையை அதட்டுவதுபோல. கீழே வைத்தேன்.

"ஆம்பளைங்களுக்கும் இதே சட்டமா?" என்று கேட்டேன்.

"இல்ல. இந்த வழக்கம் பொம்பளைங்களுக்குத்தான்."

அப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஹனுக்கா எட்டு நாளும் மாலைக் காபி அவர்கள் பொறுப்பு. என் வீட்டுக்காரர் போடும் காபி எப்படி இருக்கும் என்பதைப் பற்றி எழுதுவதாக இல்லை. ஆனால் உட்கார்ந்த இடத்துக்கு வரும்.

சும்மா உட்கார்ந்து பார்த்தால்தான் விளக்கில் என்னென்ன நடக்கிறது என்று தெரிகிறது. புது அகல் முதலில் கொஞ்சம் எண்ணெயைத் தானே குடிக்கிறது. வெளிப்பக்கம் ஈரம் கசிந்து மண் நிறம் கறுக்கிறது. திரியைத் தண்ணீர்க் கையால் தொட்டிருந்தால் பொறிப்பொறியாக வெடிக்கிறது. காற்று கிழக்கிலிருந்து வந்தால் எல்லாச் சுடரும் சாய்கின்றன, செங்கல்மேல் இருக்கும் ஷமாஷ் மட்டும் கொஞ்சம் முந்திச் சாய்கிறது. இத்தனை வருஷம் கார்த்திகைக்கு வரிசை வரிசையாக வைத்துவிட்டு, அடுத்த வேலைக்கு ஓடியிருக்கிறேன். நின்று பார்த்தது இல்லை.

இரண்டாம் நாள் ராத்திரி மன்மோகன் சிங் காலமான செய்தி வந்தது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் சூரியன் இறங்குவதற்குள் ஹனுக்கா விளக்கை முடித்து, அதன் பிறகுதான் ஓய்வு நாள் விளக்கை ஏற்றவேண்டும். அதற்குப் பிறகு தீ மூட்டக்கூடாது. டிசம்பர் கடைசியில் இங்கே ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே சூரியன் போய்விடுகிறது. ஆஸ்பத்திரி லேபில் வேலை முடித்து மருமகள் ஓட்டமாக ஓடி வந்தாள். நான் அகலைத் தயாராக வைத்து, இருட்டிய பிறகும் அரைமணி நிற்கும்படி எண்ணெயைத் தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தேன்.

ஐந்தாம் நாள் ஞாயிறு என்பதால் தெருவையே கூப்பிட்டோம். சாப்பாட்டில் ஒரே கட்டுப்பாடு, கறி கிடையாது. கறியும் பாலும் ஒன்றாகச் சேரக்கூடாது என்பது அவர்கள் விதி. தயிர் ஊற்றிய ஆம்பூர் பிரியாணிக்கு அங்கேயே கதவு சாத்தியாயிற்று. சைவமாக இருந்தால் நெய், பால் எதுவும் தாராளமாக வரலாம். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். மருமகள் உருளைக்கிழங்கைத் துருவி, பிழிந்து, வெங்காயமும் முட்டையும் சேர்த்து அடைபோலத் தட்டிப் பொரித்தாள். லாட்கே என்று பெயர், ஐரோப்பா பக்கத்து யூதர்களின் பலகாரம். தானேயில் அவள் அம்மா செய்ததெல்லாம் குலாப் ஜாமூனும் படாட்டா வடையும்தானாம். லாட்கே நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் கேட்டது. இரண்டாவது ஈட்டில் சேர்த்துவிட்டேன். முதல் ஈடு மிஞ்சியது, இரண்டாவது ஈடு மிஞ்சவில்லை.

அன்றைக்குப் பெயரைத் தட்டிக்கொண்டு போனது அக்கா வீட்டு மக்கன் பேடாதான். ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மைதாவும் கோவாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வகைகள் வைத்து உருட்டி, நிதானமான சூட்டில் பொரித்துப் பாகில் ஊறப்போடுவது. குலாப் ஜாமூனுக்கு அண்ணன், ஆனால் பல்லில் பருப்பு படும். எண்ணெயில் பொரித்த இனிப்புதான் பண்டிகைக்கு அடையாளம் என்றால் இதைவிடப் பொருத்தமாக வேலூர்ப் பக்கம் என்ன இருக்கிறது? வெளிநாட்டில் ஜாம் வைத்த டோனட் செய்வார்களாம். செய்துகொள்ளட்டும்.

சாப்பிடும்போது கோடிவீட்டு டீச்சர் பைபிளோடு வந்து சேர்ந்தார். அவர் கத்தோலிக்கர், அவர்கள் பைபிளில் மக்கபேயர் நூல் இருக்கிறது. "கோயிலைச் சுத்தம் பண்ணது இருக்கு, எட்டு நாள் கொண்டாடினது இருக்கு. ஆனா எண்ணெய்க் குடுவையைக் காணோமே? முதல் நூல் நாலாம் அதிகாரம் முழுக்கத் தேடிட்டேன்" என்றார். மருமகள் சிரித்துவிட்டாள். "கிடைக்காது டீச்சர். எண்ணெய்க் கதை தல்மூதுங்கற எங்க சட்ட நூல்லதான் வருது. அது பல நூறு வருஷம் கழிச்சு எழுதினது." அப்படியானால் அது நடந்ததா இல்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சிஸ்டரம்மா தன் பங்குக்கு, "எங்க பைபிள்ல மக்கபேயரே இல்லை. ஆனா யோவான் பத்தாம் அதிகாரத்துல இந்தப் பண்டிகை வருது. இயேசு சாலொமோன் மண்டபத்துல நடந்துட்டிருந்தார்னு இருக்கு" என்றார். ஒரு பண்டிகைக்கு எங்கள் தெருவிலேயே இத்தனை சாட்சிகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பாய், குர்ஆனில் பனீ இஸ்ராயீல் என்று இவர்களைப் பற்றி நிறைய வருகிறது என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டு மருமகள் ஒரு கதை சொன்னாள். அவர்கள் கூட்டத்தில் சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்று ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டார். எந்தச் சாதி என்று விசாரித்தபோது பெனே இஸ்ரேல் என்று சொல்ல, திப்புவின் தாயார், குர்ஆனில் வருகிற ஜனம் ஆயிற்றே என்று காப்பாற்றினார் என்பது அவர்கள் வீட்டில் சொல்லும் கதை. பிழைத்துப் போனால் ஜெபக்கூடம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார். 1796-இல் மும்பையில் கட்டியும் முடித்தார்.

பாய் எழுந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் கோட்டையில்தானே திப்புவின் குடும்பத்தையே வைத்திருந்தார்கள்! 1806 புரட்சிக்குப் பிறகுதான் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். திப்பு மகாலுக்கு முன்னால் ஐஸ்க்ரீம் தின்றுகொண்டு எத்தனை தடவை நின்றிருக்கிறோம். அங்கிருந்து பேச்சு கோட்டை அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்ற வழக்கமான சண்டை என்று எங்கெங்கோ போயிற்று.

அப்போதுதான் கரண்ட் போனது. இருட்டில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்து, வாசலில் எரிகிற அகலில் ஒன்றை எடுத்துவரக் கை நீட்டினார்கள். யாருக்குத்தான் தோன்றாது? பேத்தி போட்ட கூச்சலில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். "தொடாதீங்க! அது வேலைக்கு இல்ல! ஷமாஷ்தான் வேலைக்கு!"

ஒன்பதாவது விளக்கு எதற்கு என்று அன்று தெருவுக்கே விளங்கியது. அந்த எட்டின் வெளிச்சத்தை யாரும் பயன்படுத்திக்கொண்டதாக ஆகக்கூடாது, பயன்பட்டது ஷமாஷின் வெளிச்சமாக இருக்கட்டும் என்றுதான் அதை வைக்கிறார்கள். என் வீட்டுக்காரர் செங்கல்மேல் இருந்த ஷமாஷை எடுத்துக்கொண்டு பஜ்ஜி வாணலியைப் பார்க்கப் போனார். எதிர்வரிசையில் ஒவ்வொரு கதவாகத் திறந்து, "உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று கேட்டு வெளியே வந்தவர்கள் எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு இங்கேயே நடந்து வந்தார்கள். கூப்பிடாதவர்களும் வந்து பஜ்ஜி தின்றார்கள். மாவு பற்றாமல் மறுபடி கரைக்கவேண்டியதாயிற்று, அதையும் ஆண்களே கரைத்தார்கள், உப்பு போடாமல்.

பிள்ளைகளுக்குச் சதுரப் பம்பரம் ஒன்று உண்டு, டிரேடல். நாலு பக்கமும் நாலு எழுத்து. சுற்றி விழுந்ததில் நூன் வந்தால் ஒன்றுமில்லை, கிமெல் வந்தால் நடுவில் இருப்பது மொத்தமும் உனக்கு, ஹே வந்தால் பாதி, ஷின் வந்தால் நீ ஒன்று வைக்கவேண்டும். புளியங்கொட்டை வைத்து ஆடினார்கள். பாய் வீட்டுப் பேரன் எல்லாரையும் மொட்டையடித்துவிட்டு டப்பா நிறையக் கொட்டையோடு வீட்டுக்குப் போனான். இது சூதாட்டம் என்று என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார், தாயக்கட்டையை மட்டும் அவர் அப்படிச் சொல்வதில்லை.

ஆறாம் நாள் அமாவாசை, அனுமன் ஜயந்தியும் அன்றுதான். வடைமாலைப் பிரசாதம் வந்தது. மருமகள் பிரசாதம் சாப்பிட மாட்டாள். பேத்தி விஷயத்தில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவர்கள் சட்டப்படி தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர்தான், அப்பா யாராக இருந்தாலும். எங்கள் பக்கம் அப்பா வழி. இப்போதைக்குக் குழந்தை இரண்டு கார்த்திகைக்கும் விளக்கு வைக்கிறது, வடையைப் பற்றிப் பெரியவளானதும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டோம். எனக்கு உள்ளூர ஒரு ஆசை இருக்கிறது, மருமகளுக்கும் இருக்கும். இரண்டு பேரும் சொல்லிக்கொள்வதில்லை.

எட்டாம் விளக்கு புத்தாண்டு அன்று மாலை முடிந்தது. எரிந்த 44 அகலையும் வெந்நீரில் சோடா மாவு போட்டுத் தேய்த்துக் காயவைத்து, சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று. கார்த்திகைக்குப் பழைய அகல் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை, நடுவில் நாலு புதிது வைத்தால் போதும்.

அடுத்த ஹனுக்காவுக்குச் சம்பந்தி அம்மா தானேயிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், எட்டு நாளும் இருப்பாராம். வாசலில் அவருக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. எனக்கு மராத்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. கையில் வேலையும் இருக்கக்கூடாது. தினம் அரைமணி நேரம் என்ன செய்யப்போகிறோமோ தெரியவில்லை. மருமகளைக் கேட்டால், "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பத்திக் குறை சொல்லுங்க, அதுக்கு பாஷை வேண்டாம்" என்கிறாள்.